ஒன்பது வருஷ ஆயில் இன்ஜினும் அந்தத் தண்ணீர்ப் பிளக்கும்

தேவகோட்டை மச்சினன் போன வாரம் போன் செய்து, "உங்களிடம் இருக்கிற அதே 5 எச்பி இன்ஜினை நானும் எடுக்கலாமா அத்தான்?" என்று கேட்டான். அன்று காலையில்தான் அதைக் கொட்டகையில் ஏற்றி மூடிவிட்டுக் கடுப்பில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கல்லல் பக்கம் எங்களுக்குக் கண்மாய்ப் பாசனம். மார்கழியில் தண்ணீர் மடை வாயை விட்டு இறங்கியதும், தண்ணீர் இறைக்க இன்ஜின் கரைக்கு வரும். தை மாதச் சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்து பத்து நாளில் அதன் வேலை முடிந்துவிடும். இந்த ஒன்பது வருஷத்தில் ஓடும்போது அது ஒருநாளும் நின்றதில்லை. கெட்டதெல்லாம் சும்மா கிடந்தபோதுதான்.

அதனால் மூடுவதில் கவனமாக இருப்பேன். அரை மணி ஓட்டி, சூடு ஆறுவதற்குள் பழைய ஆயிலை வடிப்பேன். கரியும் அமிலமும் அப்போதுதான் ஆயிலோடு வெளியே வரும். புது ஆயில் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓட்டுவேன். டேங்கில் விளிம்பு வரை டீசல். பாதி டேங்க் என்றால் காற்றின் ஈரம் வேர்த்து அடியில் தண்ணீராக நிற்கும், அங்கே கறுப்பாக வழுவழுவென்று ஒன்று வளர்ந்து பில்டரை அடைக்கும். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டையில் இரண்டு மூடி ஆயில் விட்டு, ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றுவேன். வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பிகளான இரண்டு புஷ்ராடும் விரலால் உருட்டினால் உருளும் இடத்தில் நிறுத்தினால் வால்வு இரண்டும் மூடியிருக்கும். சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பா. இல்லாவிட்டால் குளவி கூடு கட்டிவிடும்.

ஒரு வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் இதையெல்லாம் செய்யவில்லை. அடுத்த மார்கழியில் ஹாண்டில் அசையவே இல்லை. ஹெட்டைக் கழற்றினால், பிஸ்டன் ஓடும் லைனரில் பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் துரு வளையம். 7,400 ரூபாய் ஆனது. அது என் தவறு, இன்ஜினைச் சொல்லக் கூடாது.

ஆனால் தண்ணீர் வடிக்கும் பிளக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பம்புத் தண்ணீரே சின்னக் குழாய் வழியாக உள்ளே போய்க் குளிர்விக்கிற இன்ஜின் இது. கண்மாய்த் தண்ணீரோ செம்மண் கரைந்தது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் ஜாக்கெட்டின் அடியில் களியாகப் படிந்துவிடும். பிளக்கைத் திறந்தால் ஒரு டம்ளர் வந்து நின்றுவிடும். வடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்தோம். சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்தால் முதலில் சொட்டும், அப்புறம் குங்குமத்தைக் கரைத்த மாதிரிப் பீய்ச்சும். அதோடும் முடியாது. பிளக்கை அடிமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே வைத்திருக்கிறார்கள்! அந்த இரண்டு விரல் தண்ணீரை எடுக்க, கடப்பாரை போட்டு இரண்டு பேர் இன்ஜினையே சாய்க்க வேண்டும். ஆள் கிடைக்காத வருஷங்களில் அப்படியே விட்டேன். இப்போது அந்த இடத்தில் வெளியே ஈரம் கசிகிறது, சுத்தியலால் தட்டினால் செதில் உதிர்கிறது. துளையைக் கொஞ்சம் கீழே போட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும்?

டீசல் அதிகம் குடிக்காது. பாகங்களெல்லாம் காரைக்குடியில் கிடைக்கிறது. இருந்தும் இரவு மச்சினனுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதை எடுத்தாலும் கடையிலேயே குனிந்து பிளக் எங்கே இருக்கிறது என்று முதலில் பார் என்றேன்.

"அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்றான்.

முடியாது, மார்கழிக்கு எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.