கோலம் போட்டுக் காட்டிய மாதிரி வகுப்பும் அப்பா கட்டிய 2,12,400 ரூபாயும்

டிஜிட்டல் மீடியா ஆர்ட்ஸ் என்ற பெயரில் ஓராண்டு டிப்ளமோ நடத்தும் சென்னைத் தனியார் பயிற்சி மையம் ஒன்றில் 2023 ஜூலையில் சேர்ந்து ஏமாந்தவன் நான். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில் ஆள் சேர்க்கும் மையங்கள் வேறும் இருப்பதால், பெயரைவிட அவர்கள் கையாண்ட வழியைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

திருப்பூரில் பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தேன். ஓவியமும் ஓரளவு வரும். இரண்டையும் சேர்த்துப் படிக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது அந்த மையத்தின் இலவச மாதிரி வகுப்புக்குப் போனேன். அன்று பாடம் எடுத்தவர் கரும்பலகையில் ஐந்து வரிசைப் புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலத்தைப் போட்டார். பிறகு அதே கோலத்தை, கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001-இல் உருவாக்கிய பிராசஸிங் என்ற இலவச மென்பொருளில், இருபது முப்பது வரி நிரலால் திரையில் வரைய வைத்தார். புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றியதும் கோலமும் மாறியது. 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலங்களைக் கணினிக்கான இலக்கண விதிகளாக எழுதி ஆராய்ந்ததையும் அவர்தான் சொன்னார். நான் தேடிய படிப்பு இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவரை அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் நான் பார்க்கவே இல்லை. மாதிரி வகுப்புகள் நான்கை எடுத்துக் கொடுப்பதற்காக மட்டும் அழைக்கப்பட்டவர் அவர் என்பதை, பல மாதங்கள் கழித்து அவரே தொலைபேசியில் வருத்தத்துடன் சொன்னார்.

சேர்க்கை அன்று மாலையே முடிந்தது. கட்டணம் 1,80,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 32,400 ரூபாய். அந்த வரியைப் பார்த்தபோதே நான் விழித்திருக்க வேண்டும். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டம் அல்லது பட்டயத்துக்காகக் கல்வி நிறுவனம் நடத்தும் பாடத்திட்டத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதால், கட்டண ரசீதில் 18 சதவீதம் இருந்தாலே, "அரசு அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ" என்ற பேச்சை நிறுத்தி நிதானமாக விசாரிக்க வேண்டும். பணத்தைப் பன்னிரண்டு தவணைகளில் கட்டலாம், வட்டி கிடையாது என்று சொல்லி, அப்பாவின் கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணை அடுத்தடுத்து மூன்று முறை கேட்டு வாங்கினார்கள். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அப்பா, மகன் படிப்புக்குத் தவணை வசதி தருகிறார்கள் என்றே நினைத்திருந்தார். உண்மையில் அவர் பெயரில் ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் எடுக்கப்பட்டு, முழுத் தொகையும் மையத்தின் கணக்குக்குப் போய்விட்டது என்பது, முதல் தவணையான 17,700 ரூபாய் பிடிக்கப்பட்ட பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. இதுபோன்ற டிஜிட்டல் கடன்களிலிருந்து தொடக்கத்திலேயே அபராதமின்றி விலகிக்கொள்ளக் குறுகிய அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்த நெறிமுறைகளை நான் படித்தபோது அந்த அவகாசம் எப்போதோ முடிந்திருந்தது. முழுப் பணமும் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்ட மையத்துக்கு எங்களை ஒழுங்காக நடத்த வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதினோரு மாதங்களில் ஆறு ஆசிரியர்கள் மாறினார்கள், அவர்களில் இருவர் முந்தைய அணியில் படித்து வேலை கிடைக்காதவர்கள். ஃபோட்டோஷாப், பிரீமியர், முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான மாயா ஆகியவற்றில் எந்தப் பட்டனை அழுத்தினால் எது வரும் என்பதே பாடம். மாணவர்களுக்கு மாயாவை அதன் நிறுவனமே இலவசமாகத் தரும்போது, எங்கள் கணினிகளில் இருந்தவை கிராக் செய்த பிரதிகள். ஓவியத்துக்கு ஒரு வகுப்புகூட இல்லை. நிரலாக்கம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் யூடியூப் காணொளிகளைப் போட்டுக் காட்டியதோடு முடிந்தது.

இதன் விளைவு 2024 ஆகஸ்டில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவின் நேர்காணலில் தெரிந்தது. நான் செய்த வேலைகளைத் தொகுத்த காணொளியான ஷோரீலைப் பார்த்த மேற்பார்வையாளர், "இந்த ரோபோவை இந்த வாரத்தில் நான்காவது முறையாகப் பார்க்கிறேன் தம்பி" என்றார். எங்கள் அணியின் 23 பேருக்கும் ஒரே பயிற்சிக் கோப்புகளைக் கொடுத்து நிறத்தை மட்டும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். பிறகு அவர் இரண்டு சிறிய வேலைகளைக் கொடுத்தார். ஓர் இரும்புக் குண்டும் ஒரு பிங்பாங் பந்தும் ஒரே உயரத்திலிருந்து விழுவதை, வினாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் எடை தெரியும்படி அசைக்க வேண்டும். அடுத்ததாக, மாயாவுக்குள் இருநூறு பொருள்களின் பெயர்களைப் பைத்தான் நிரலால் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். குண்டு ஓரிரு முறை தாழ எழும்பி அடங்கிவிடும், பந்து பலமுறை துள்ளும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டால் அந்த எடை கண்ணுக்குப் படும் என்பது தெரியவில்லை. நிரலிலோ முதல் வரியே வரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, எதைப் படிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் செலவழித்துச் சொல்லி அனுப்பினார். நான் ஓராண்டில் பெற்ற உருப்படியான பாடம் அந்த அரைமணி நேரம்தான்.

வடிவமைப்பு முதுகலைப் படிப்புகளுக்காக ஐஐடி மும்பை நடத்தும் சீட் (CEED) நுழைவுத் தேர்வில் வரையும் திறனையும் சிந்திக்கும் திறனையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பே இருக்கிறது. இவற்றை நான் விசாரித்தது பணம் போன பிறகு. எங்கள் மையத்தில் நுழைவுத் தேர்வு என்று இருந்தது அந்த ஓடிபி ஒன்றுதான். இப்படிப்பட்ட இடத்தில் சேர நினைப்பவர்கள், மாதிரி வகுப்பை மட்டும் பார்த்துவிட்டு வராமல், நடந்துகொண்டிருக்கும் அணியின் சாதாரண வகுப்பு ஒன்றில் உட்கார அனுமதி கேளுங்கள். முந்தைய அணியின் ஷோரீல்களில் நான்கைந்தை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். "100 சதவீத வேலைவாய்ப்பு உதவி" என்பதில் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். எனக்குக் கிடைத்த உதவி, கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் கடையின் தொலைபேசி எண்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, செலுத்திய கட்டணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிய பிறகு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளித்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. மாதிரி வகுப்பின் விளம்பரம், அன்று நான் கைபேசியில் எடுத்த காணொளி, ரசீது, கடன் குறுஞ்செய்திகள் அனைத்தையும் இணைத்திருக்கிறேன். அப்பா பன்னிரண்டு தவணைகளையும் கட்டி முடித்துவிட்டார்.

மையத்தின் பதில் மனு சென்ற மாதம் வந்தது. கோலமும் நிரலும் மாதிரி வகுப்புக்கான செயல்விளக்கம் மட்டுமே என்றும், அவை எந்தக் காலத்திலும் பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்ததில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஆணையத்தில் நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.