எக்ஸ்எஸ்எல்டி: அவுட்புட் அமைப்பை ஓடும்போதே மாற்றுவது – நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

எக்ஸ்எம்எல் தரவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி எக்ஸ்எஸ்எல்டி; அதில் எழுதும் நிரல்தான் ஸ்டைல்ஷீட். என்னிடம் ஒரே ஸ்டைல்ஷீட். சரிபார்ப்பவருக்கு வரி பிரித்து உள்தள்ளிய எக்ஸ்எம்எல் வேண்டும், அடுத்த மென்பொருளுக்கு இடைவெளியே இல்லாத கோப்பு வேண்டும். எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல் இதற்கு நேர்வழி கிடையாது. வெளியீட்டு அமைப்பை அறிவிக்கும் "எக்ஸ்எஸ்எல்:அவுட்புட்" உறுப்பில், உள்தள்ளல் வேண்டுமா என்று சொல்லும் "இண்டென்ட்" பண்பில் நெளிவு அடைப்புக்குறி போட்டு பாராமீட்டரை (ஓடும்போது வெளியிலிருந்து தரும் மதிப்பை) எழுதினால், அது கணக்கிடப்படாது. மதிப்பு "யெஸ்" அல்லது "நோ" என்று நேரடியாகவே எழுதியிருக்க வேண்டும்.

2007-இல் வந்த 2.0 பதிப்பின் "ரிசல்ட்-டாக்குமென்ட்" (வெளியீட்டு ஆவணத்தை உருவாக்கும் கட்டளை) இந்தச் சிக்கலை அவிழ்த்தது. அதில் மெத்தட் (எக்ஸ்எம்எல், எச்டிஎம்எல் போன்ற வெளியீட்டு வகை), இண்டென்ட், என்கோடிங் (எழுத்துக் குறியாக்கம்) எல்லாவற்றையும் பாராமீட்டரிலிருந்தோ உள்ளீட்டுத் தரவிலிருந்தோ கொடுக்கலாம். கோப்பின் முகவரியைச் சொல்லும் "எச்ரெஃப்" பண்பை எழுதாமல் விட்டால் முதன்மை வெளியீட்டுக்கே போகும். அதனால் வேர் டெம்ப்ளேட்டின் (ஆவணத்தின் வேருக்கான மாற்ற விதியின்) உள்ளடக்கம் முழுவதையும் ரிசல்ட்-டாக்குமென்டுக்குள் வைத்துவிடுவதே என் வழக்கம். "ஃபார்மட்" பண்பையும் கணக்கிடலாம்: பெயர் வைத்த அவுட்புட் அறிவிப்புகள் இரண்டை எழுதிவிட்டு, எது வேண்டுமோ அதன் பெயரை ஓடும்போது தருவது. பத்துப் பண்புகளைத் தனித்தனியாகக் கணக்கிடுவதைவிட இது படிக்க எளிது. கேரக்டர் மேப் (வெளியீட்டில் எந்த எழுத்துக்குப் பதில் எதை எழுதுவது என்ற பட்டியல்) மட்டும் பிடிவாதக்காரன். அதன் பெயரை ரிசல்ட்-டாக்குமென்டில் கணக்கிட முடியாது, ஆகவே அங்கே ஃபார்மட் வழிதான் கைகொடுக்கும். மாறிக்குள்ளோ ஃபங்ஷனுக்குள்ளோ ரிசல்ட்-டாக்குமென்ட் ஓடினால் பிழை வரும். பெரிய ஸ்டைல்ஷீட்டில் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது எரிச்சலான வேலை.

3.0-இல் (2017) ஷேடோ ஆட்ரிபியூட் உண்டு. பண்பின் பெயருக்கு முன் அடிக்கோடு ஒன்று சேர்த்தால், அவுட்புட் அறிவிப்பிலேயே ஸ்டாட்டிக் பாராமீட்டரை (கம்பைல் செய்யும்போதே மதிப்பு தரப்படும் பாராமீட்டரை) பயன்படுத்தலாம். அழகான வசதி, ஆனால் மதிப்பு கம்பைல் ஆகும்போதே உறைந்துவிடும். கம்பைல் செய்த ஸ்டைல்ஷீட்டைச் சேமித்து மீண்டும் மீண்டும் ஓட்டுபவர்கள் மதிப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே சேமிக்க வேண்டியிருக்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

வெளியீட்டு வடிவத்தை அழைக்கும் நிரலே தீர்மானிக்கிறது என்றால் ஸ்டைல்ஷீட்டைத் தொடவே வேண்டாம். ஜாவாவில் "செட்அவுட்புட்ப்ராப்பர்ட்டி" என்ற அழைப்பு போதும், 1.0-க்கும் அது பொருந்தும். சாக்சன் என்ற எக்ஸ்எஸ்எல்டி மென்பொருளின் கட்டளை வரியில், பண்பின் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி போட்டு இண்டென்ட் மதிப்பைத் தரலாம் (சில ஷெல்கள் அந்தக் குறியைத் தாங்களே விழுங்கிவிடும், முன்னால் பின்சாய்கோடு போடுங்கள்). தரவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தால்தான் ரிசல்ட்-டாக்குமென்ட் பக்கம் போகிறேன்.

எந்த வழியில் போனாலும், முடிவை நிரல் டாம் மரமாக (எழுத்தாக மாற்றாமல் நினைவகத்தில் இருக்கும் ஆவண அமைப்பாக) வாங்கிக்கொண்டால் இந்த அமைப்புகள் எதுவும் பலிக்காது. எழுத்தாக மாற்றும் கட்டத்தில்தான் இவற்றுக்கு வேலை. "இண்டென்ட் வேலை செய்யவில்லை" என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.