இரண்டு வார மருத்துவ ஊழியப் பயணம்: காசு கட்டிப் போகலாமா?

கொழும்பிலுள்ள திருச்சபைகளில் வருடா வருடம் இந்த அறிவிப்பு வரும். ஆபிரிக்காவில் மருத்துவ முகாம், இரண்டு வாரம், வைத்தியர்களும் தாதியரும் தேவை, செலவு அவரவருடையது. வெளிப்படையாகச் சொன்னால் இது காசு கட்டி வாங்கும் ஒரு சேவை. அதனால் மற்ற எந்தச் சேவையையும் போல இதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

முதலில், யார் போனால் எவ்வளவு பயன் என்று புள்ளியைப் போட்டுவிடலாம். மயக்க மருந்து வைத்தியருக்கும் சத்திரசிகிச்சைக்கூடத் தாதிக்கும் 5-க்கு 4. கண், பல் வைத்தியருக்கு 3½. பொது வைத்தியருக்கு 3. மருத்துவ மாணவருக்கு 2, அதுவும் மேற்பார்வைக்கு ஒருவர் கூடவே இருந்தால்தான். இங்கே வார்டில் தனியாகச் செய்ய அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யக்கூடாது. "அங்கே யார் கேட்கப் போகிறார்கள்" என்று பல் பிடுங்கப் பழகுகிற குழுக்கள் இருக்கின்றன. அப்படிச் சொல்லும் ஏற்பாட்டாளரிடம் காசைக் கட்டாதீர்கள்.

காசு கட்டுமுன் ஒரு கேள்வி போதும்: நாங்கள் விமானம் ஏறிய மறுநாள் இந்த நோயாளியை யார் பார்ப்பார்? ஒரு ஆளின் பெயரும் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரும் பதிலாக வர வேண்டும். கண்புரை வெட்டினால் மறுநாளும் ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் கண்ணைப் பார்த்தாக வேண்டும். பிரஷருக்கு அம்லோடிபின் 30 நாளுக்குக் கொடுத்தால் 31ஆம் நாள் குளிசை எங்கே? உள்ளூர் கிளினிக்கில் கிடைக்கிற மருந்தையே எழுதி, அங்குள்ள கொப்பியிலேயே பதிந்துவிட்டு வரும் குழு நல்ல குழு. படம் எடுத்துக்கொண்டு வரும் குழுவைப் பற்றி என்ன சொல்ல.

ஆஸ்பத்திரிக் கப்பல் என்ற ஏற்பாடு இந்த விஷயத்தில் ஒரு படி மேல். 1978-ல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம், பழைய ரயில் ஃபெரியை மாற்றி அமைத்த ஆபிரிக்கா மெர்சி, ஆஸ்பத்திரியாகவே கட்டப்பட்ட குளோபல் மெர்சி என்ற கப்பல்களை ஓட்டுகிறது. ஒரே துறைமுகத்தில் மாதக்கணக்கில் நிற்பதால் நோயாளியை முன்கூட்டியே தெரிவுசெய்யவும், வெட்டிய பிறகு பார்க்கவும், உள்ளூர் ஆட்களைப் பயிற்றவும் நேரம் இருக்கிறது. சிகிச்சை இலவசம்; தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு என்று தொண்டர் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இதோடு ஒப்பிட்டால், தினம் ஒரு கிராமமாகப் பஸ்ஸில் ஓடும் முகாம் எவ்வளவு மெலிந்தது என்று தெரியும்.

அந்த முகாமின் கணக்கைப் பாருங்கள். 6 மணித்தியாலம், ஒரு வைத்தியர், 60 பேர் என்றால் ஆளுக்கு 6 நிமிடம். மொழிபெயர்ப்பாளர் இடையில் நின்றால் அதில் பாதி போய்விடும். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் தமிழைப் படித்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அந்த நிதானம் இரண்டு வாரத்தில் வராது. ஆகவே மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நோயாளியின் அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தினால், பெண்கள் உண்மையான வருத்தத்தைச் சொல்ல மாட்டார்கள்.

வரிசை தேங்குவது வைத்தியரிடம் அல்ல, மருந்து கொடுக்கும் மேசையில். குளிசைகளை முதல் நாள் இரவே பத்துப் பத்தாகப் பொதி செய்து, உறையில் சூரியனும் நிலவும் வரைந்து வைத்தால் பாதி நெரிசல் குறையும். ஜெபம் செய்கிற இடத்தை மருந்து மேசைக்கு அப்பால், வெளியே போகும் வழியில் வையுங்கள். வரிசையின் முன்னால் வைத்தால், ஜெபித்தால்தான் மருந்து என்று சனம் நினைத்துவிடும். செனகல் போல முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அது இன்னும் பிழை.

என்ன கொண்டு போவது? சபையில் பெட்டி வைத்து வீடுகளில் மிஞ்சிய குளிசைகளைச் சேர்ப்பது இங்கே வழக்கம். அதை விடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை வழிகாட்டியில், நோயாளிக்கு ஏற்கெனவே கொடுத்து மிஞ்சிய மருந்துக்கு இடமில்லை. போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஆகக் குறைந்தது ஒரு வருடமாவது மீதி இருக்க வேண்டும். பட்டியலில் வர்த்தகப் பெயர் அல்ல, மூலப்பெயர், அளவு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி. டிரமடோல், டயஸிபாம், கெட்டமின் போன்ற கட்டுப்பாடுள்ள மருந்து எதையும் உங்கள் பெட்டியில் வைக்காதீர்கள். தேவையானால் அங்குள்ள ஆஸ்பத்திரி எடுத்துத் தரட்டும். சீனி பார்க்கும் கீற்றுகள் சூட்டில் பழுதாகி, பிழையான எண் காட்டும். பஸ்ஸின் டிக்கியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். கொதிக்க வைத்த தண்ணீரில் போட்ட பல் பிடுங்கிகள் கிருமியற்றவை ஆகா. நீராவி அழுத்தத்தில் 121 பாகையில் 15 நிமிடமாவது வேண்டும், அந்த 15 நிமிடமும் சூடு ஏறிய பிறகுதான் தொடங்கும்.

ஆகப் பயனுள்ள சாமான் மருந்தே அல்ல, +1.00 முதல் +3.00 வரையான வாசிப்புக் கண்ணாடி. நீங்கள் திரும்பி வந்த பிறகும் ஊசியில் நூல் கோர்க்க அது உதவும்.

கொழும்பில் முடிக்க வேண்டிய வேலைக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். வைத்தியர்கள் இலங்கை மருத்துவ சபையில் நன்னிலைச் சான்றிதழ் (பதிவில் குறை எதுவும் இல்லை என்ற கடிதம்) எடுக்க வேண்டும். பழைய சான்றிதழைப் பெரும்பாலான நாடுகள் ஏற்பதில்லை, ஆகவே மிக முந்தியும் எடுக்காதீர்கள். அந்த நாட்டில் தற்காலிகப் பதிவு உங்கள் பெயரில் வந்துவிட்டதா என்று கேட்டு, பிரதியை வாங்கிவிட்டு விமானச்சீட்டுப் போடுங்கள். அரசாங்க உத்தியோகத்தர் என்றால் வெளிநாட்டு லீவு அனுமதி தனி. பல ஆபிரிக்க நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லாததால் விசாதான் கடைசிவரை இழுக்கும்.

சியரா லியோன், கானா, உகண்டா போன்ற இடங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். பொரளையிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் போடலாம். நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு, கடவுச்சீட்டோடு போங்கள். ஊசி போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும்; அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லுபடி. சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தைத் திரும்பி வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் கேட்கலாம், பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். 60 வயது தாண்டியவர்களும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களும் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும், இது உயிருள்ள கிருமித் தடுப்பூசி.

கட்டணத்தை ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள்: விமானச்சீட்டு, உள்நாட்டுப் போக்குவரத்து, சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர், காப்புறுதி. காப்புறுதியில் நோயுற்றால் வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்பதுதான் முக்கியம். சாதாரணப் பயணக் காப்புறுதியில் அதன் உச்சத்தொகை சிறிதாக இருக்கலாம்.

மலேரியாத் தடுப்புக் குளிசையை நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியா எதிர்ப்பு இயக்கத்தில் இலவசமாக எடுக்கலாம். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, புறப்பட இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்; டொக்சிசைக்கிளின் தினமும், ஓரிரு நாள் முன். இரண்டையும் திரும்பிய பிறகு 4 வாரம் விழுங்க வேண்டும், ஏனெனில் ஈரலில் இருக்கும் கிருமி பிந்தித்தான் இரத்தத்துக்கு வரும். ஊருக்கு வந்தாயிற்று என்று நிறுத்திவிடுவதுதான் வழமையான பிழை. இலங்கை 2016-ல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது; ஆனால் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், கொழும்பு வைத்தியர் முதலில் டெங்கைத்தான் நினைப்பார். எங்கே போய் வந்தீர்கள் என்று நீங்களே சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.