ஜிடி-1: கிளீனுக்கும் லீடுக்கும் நடுவே நான்கு வருடம்

பாஸ் (Boss) நிறுவனத்தின் ஜிடி-1 என்ற கிட்டார் எஃபெக்ட் பெட்டியை 2021 கடைசியில் கண்டியில் தெரிந்த ஒரு அண்ணாவிடம் பாவித்ததாக வாங்கினேன். அன்றிலிருந்து ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கம் எங்கள் இசைக்குழு ஏறிய எல்லா மேடையிலும் என் காலடியில் இருப்பது இதுதான். கோயில் திருவிழா, கல்யாணம், பாடசாலை நிகழ்ச்சி, தோட்டத்துக் கிளப் ஹோல் என்று எல்லாம் பார்த்துவிட்டது. இதில் எத்தனை ஆம்ப், எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது ஒரே விஷயம்: ரிதம் வாசிக்கும் தெளிவான கிளீன் சத்தத்தையும், இடையிசையில் முன்னுக்கு வரும் லீட் சத்தத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்த வைப்பது. இந்த நான்கு வருடத்தில் என்னை அதிகம் படுத்தியதும் அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

பெட்டியைப் பற்றி இரண்டு வரி. 2016-இல் வெளிவந்த மாடல். எடை 1.3 கிலோதான், தோள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். நாமே அமைத்து வைக்க 99 பேட்ச் (சேமித்து வைக்கும் சத்த அமைப்பு) இடம் உண்டு. ஏஏ அளவு பெட்டரி நான்கு போட்டால் ஓடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருட்டில் பழகியது அந்தப் பெட்டரி புண்ணியத்தில்தான்.

ஆனால் பிரச்சினையும் அந்த ஹெட்போனில்தான் தொடங்கியது.

வீட்டில் ஹெட்போனில் இரண்டு பேட்ச் செய்து வைத்திருந்தேன். கிளீனுக்கு கோரஸ் (பல கிட்டார் சேர்ந்து கேட்பது போன்ற எஃபெக்ட்) போட்ட மணி மாதிரி ஒரு சத்தம். லீடுக்கு கெயினை நிறைய ஏற்றி, பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி, நடுவைக் குறைத்து, டிலே (எதிரொலி) போட்ட பெரிய சத்தம். மாறி மாறி வாசித்துப் பார்த்தால் லீட்தான் கிளீனை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. அழகாக இருக்கிறது என்று அப்படியே நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் திருவிழாவுக்குக் கொண்டுபோனேன். முதல் பாட்டின் இடையிசை வந்தது, லீட் பேட்சை மிதித்தேன், கிட்டார் மறைந்துவிட்டது. விரல் ஓடுகிறது, பெட்டியில் விளக்கு எரிகிறது, ஆனால் ஸ்பீக்கரில் கீபோட்டும் டிரம்மும் மட்டும்தான். கீபோட் வாசிக்கும் அண்ணன் குனிந்து, "தம்பி, வயர் கழண்டுருச்சா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே லீட் பேட்சின் லெவலை நன்றாக ஏற்றினேன். அது இன்னொரு பிழை. ஹட்டனில் ஒரு கல்யாண மண்டபம், தாழ்ந்த கூரை. லீடை மிதித்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். சவுண்ட்காரர் சட்டென்று என் சேனலை இறக்கினார். இடையிசை முடிந்து கிளீனுக்குத் திரும்பியபோது மிக்ஸரில் அந்த ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டை) கீழேயே இருந்தது. மிச்சப் பாட்டு முழுக்க என் ரிதம் யாருக்கும் கேட்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. பாட்டுக்காரர் இரண்டு பேர், டிரம்முக்கு நாலைந்து மைக், கீபோட், தப்பு மேளம் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கிறார். என் சத்தம் திடீரென்று குதித்தால் அவர் இறக்கத்தான் செய்வார். குதிக்காமல் கொடுக்க வேண்டியது என் வேலை.

அதற்குப் பிறகுதான் இது ஏன் நடக்கிறது என்று நிதானமாக யோசித்தேன், படித்தேன்.

முதலாவது, கெயின் என்பது வொல்யூம் இல்லை. கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள், மேடையில் கை தானாக கெயினுக்குத்தான் போகும். கெயினைக் கூட்டும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் பாருங்கள், எல்லாச் செடியும் ஒரே மட்டத்தில் நிற்கும். இப்படி வெட்டுப்பட்ட ஓவர்டிரைவ் சத்தமும் அப்படித்தான்: மெதுவாக மீட்டினாலும் வேகமாக மீட்டினாலும் ஒரே உயரம். கிளீனில் அப்படி வெட்டு இல்லை. பிக் கம்பியைத் தொடும் அந்த நொடியில் ஒரு கூர்மையான உச்சி எழும்பி உடனே அடங்கும். அந்த உச்சிதான் கூட்டத்துக்கு நடுவே கிட்டாரைக் காதில் விழ வைக்கிறது. அதனால்தான் தனியாகக் கேட்டால் பெரிதாகத் தெரிந்த லீட், டிரம் அடிக்கத் தொடங்கியதும் பின்னால் போய்விடுகிறது. மிக்ஸரின் மீட்டரைப் பார்த்துச் சமப்படுத்துவதும் இதே காரணத்தால் ஏமாற்றும். உச்சி சமமாக இருக்கும், சராசரி சமமாக இருக்காது.

இரண்டாவது காது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிச்சத்தமும் மிக மேல் சத்தமும் சரியாக எட்டாது. சத்தம் கூடக் கூட அவை இரண்டும் முன்னுக்கு வரும். நான் வீட்டில், பக்கத்து லயத்துக்குக் கேட்காத அளவில், பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவைக் குறைத்ததன் பலன் மேடையில் தெரிந்தது. பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் என் அடிச்சத்தத்தை விழுங்கின, சிம்பல் மேல் சத்தத்தை விழுங்கியது. எனக்கென்று இருந்த நடுவை நானே வெட்டி வைத்திருந்தேன்.

லீட் நிற்கும் இடம் அந்த நடுதான். மேல் ஈ கம்பியின் 12-ஆவது கட்டை 659 ஹெர்ட்ஸ். அதன் அடுத்த அடுக்குகள் 1300, 2000 பக்கம் வரும். கிட்டார் ஸ்பீக்கரே 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும். ஆக நமக்குச் சண்டை போட இருக்கும் நிலம் சின்னது. இப்போது என் லீட் பேட்சில் ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் ஒன்று உண்டு. அதில் டிரைவ் கிட்டத்தட்ட பூச்சியம், லெவல் மட்டும் கூட. அந்த வகைப் பெடல் 720 ஹெர்ட்ஸ் பக்கம் நடுவைத் தூக்கும், அடிச்சத்தத்தைக் கொஞ்சம் வடிகட்டும். ஆம்பின் கெயினை முன்பு இருந்ததில் பாதிக்கு இறக்கிவிட்டேன். பிக் விழும் சத்தம் திரும்பி வந்தது. வீட்டில் தனியாகக் கேட்டால் இந்தச் சத்தம் மூக்கால் பாடுவது போல இருக்கும், பிடிக்கவே பிடிக்காது. கீபோட்டும் டிரம்மும் சேர்ந்ததும் அதே சத்தம் நிமிர்ந்து நிற்கும்.

அப்புறம் அளவு. 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு பவர் வேண்டும், ஆனால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். ஹட்டன் மண்டபத்தில் நான் செய்தது அந்த இரண்டாவது வகைக் குதிப்பு. நடுவைச் சரிசெய்த பிறகு எனக்கு 3, கூடினால் 4 டெசிபல் போதுமாக இருக்கிறது. அந்தக் கூட்டல் ஆம்புக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்பது முக்கியம். முன்னால் கூட்டினால் இன்னும் கொஞ்சம் கவ்வாத்துத்தான் நடக்கும். ஜிடி-1-இல் இதற்கு இரண்டு வழி. ப்ரீஆம்ப் பகுதியிலேயே சோலோ என்று ஒரு சுவிட்சும் அதற்கென்று லெவலும் உண்டு. இல்லாவிட்டால் ஆம்புக்குப் பின்னால் ஈகியூவை (அடி, நடு, மேல் சத்தத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் எஃபெக்ட்) வைத்து அதன் லெவலை ஏற்றலாம். நான் ஈகியூவைத்தான் பாவிக்கிறேன், காரணம் சத்தத்தோடு சேர்த்து 1000 ஹெர்ட்ஸ் பக்கமும் கொஞ்சம் தூக்க முடிகிறது. அதை ஆன், ஓஃப் செய்யும் வேலையைப் பெட்டியின் சிடிஎல் (கன்ட்ரோல்) பெடலுக்குக் கொடுத்துவிட்டேன். இடையிசைக்கு ஒரு மிதி, முடிந்ததும் இன்னொரு மிதி. இந்தக் கூட்டலுக்காக இன்னொரு பேட்சுக்கு மாற வேண்டியதில்லை.

சரி, எதை முதலில் வைப்பது? இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: கிளீனைத்தான். சவுண்ட் செக் நேரத்தில் லீடை வாசித்துக் காட்டத்தான் எல்லோருக்கும் ஆசை. சவுண்ட்காரர் அந்த அளவுக்கு மிக்ஸரின் கெயினை வைப்பார். பிறகு கிளீனில் ஆறு கம்பியையும் சேர்த்து இழுத்து அடித்தால் அந்த உச்சி மேலே போய் இடிக்கும். அதனால் நான் முதலில் கிளீனில், பைலா வாசிக்கும் வேகத்தில், கை வலிக்க அடித்துக் காட்டுகிறேன். "அண்ணே, இதுக்கு மேல போகாது" என்று சொல்லிவிடுகிறேன். அவர் அதற்கு வைத்துவிட்டால் லீட் ஒருநாளும் அவரைப் பதற வைக்காது. கிளீனில் லேசாகக் கம்ப்ரெசர் போட்டிருக்கிறேன், கூரான உச்சி கொஞ்சம் மழுங்கும் அளவுக்கு மட்டும். அதிகம் போட்டால் கிளீனும் லீடைப் போலத் தட்டையாகிவிடும், இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

என்னை நீண்ட நாள் ஏமாற்றிய விஷயம் ஒன்று கோரஸ். ஹெட்போனில் ஸ்டீரியோ கோரஸ் காதைச் சுற்றி விரியும். மேடையிலோ ஒரே வயர், மோனோதான். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது சில அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். என் கிளீன் மெலிந்துபோனது அதனால்தான் என்று கண்டுபிடிக்க ஒரு வருடம் எடுத்தது. இப்போது எல்லாப் பேட்சையும் மோனோ வயர் ஒன்றிலேயே அமைக்கிறேன்.

அவுட்புட் செலக்ட் என்ற அமைப்பையும் கவனியுங்கள். மிக்ஸருக்குப் போனால் லைன்/போன்ஸ், கிட்டார் ஆம்பின் முன்னால் செருகினால் அந்த ஆம்பின் வகை. இதை மாற்ற மறந்தால் கிளீன் ஓரளவு தப்பிவிடும். லீட் ஒன்றில் போர்வைக்குள் கேட்கும், அல்லது குளவிக் கூடு கலைந்தது போல இரையும்.

இதையெல்லாம் மேடை மேடையாகச் சோதிக்க முடியாது. எனக்கு உதவியது போன்தான். எங்கள் ஒத்திகை ஒன்றில் நான் வாசிக்காமல், மற்றவர்களை மட்டும் ஹோலின் பின்பக்கத்தில் இருந்து பதிவு செய்தேன். வீட்டில் அந்தப் பதிவைப் பெட்டியின் ஆக்ஸ் இன் துளையில் கொடுத்து, அதன்மேல் வாசித்து லெவலை வைக்கிறேன். மேடையின் உரத்த சத்தம் அதில் இல்லை என்றாலும், டிரம்முக்கும் கீபோட்டுக்கும் நடுவே எனக்கு எங்கே இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படி வைத்தது மேடையில் ஒரு டெசிபல், இரண்டு டெசிபல்தான் மாறும்.

அந்த மாற்றமும் இடத்தைப் பொறுத்தது. தகரக் கூரை ஹோலில் மேல் சத்தம் திரும்பித் திரும்பி வரும், அங்கே டிலேயைப் பாதியாகக் குறைக்கிறேன். கோயில் வாசலில், திறந்த வெளியில், சுவரே இல்லாததால் எல்லாம் மெலிந்து கேட்கும், அங்கே கிளீனுக்குக் கொஞ்சம் ரிவெர்ப் (ஹோலுக்குள் முழங்குவது போன்ற எஃபெக்ட்) கூடுதலாக வேண்டும். நுவரெலியாவில் இரவு பனி இறங்கினால் விரல் விறைத்து மீட்டலே மெலிந்துவிடும். அந்த மேடைகளில் கிளீன் தானாகவே இறங்கும், கெயின் உள்ள லீட் இறங்காது. முதல் இரண்டு பாட்டுக்குக் கிளீனை ஒரு புள்ளி ஏற்றி வைத்துவிட்டு, கை சூடானதும் இறக்குகிறேன்.

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாக ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான், அவனும் இதே பெட்டி வாங்கியிருக்கிறான். என் பேட்சை அப்படியே ஏற்றிக் கொடுத்தேன், பொருந்தவில்லை. என் கிட்டாரின் கழுத்துப் பக்கப் பிக்கப் சிங்கிள் காயில், அவனுடையதில் இரண்டும் அதைவிட உரக்கக் கொடுக்கும் ஹம்பக்கர். அவன் வேகமாக அடித்தால் என் கிளீன் பேட்சே உடைந்து கரகரக்கிறது. நேற்று இருவரும் உட்கார்ந்து அவனுடைய கிளீன் கெயினை 38-இலிருந்து 25-க்கு இறக்கி, லெவலை ஏற்றி, கரகரப்பு போகும்வரை பார்த்தோம். "லீடையும் இப்பவே வச்சிருவோமாண்ணே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை டிரம் அடிக்கும் பையன் வரட்டும், அவன் அடிக்கும்போது வைப்போம்.