ஓவிய வகுப்பா, ஆர்ட் தெரபியா?

ஆட்டிசம் உள்ள பதின்வயதுப் பிள்ளைக்குக் கலை நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கே சேர்ப்பது என்பதில்தான் குழப்பம்.

டிராயிங் கிளாஸில் படம் வரவேண்டும், அவ்வளவுதான். ஆர்ட் தெரபியில் படம் ஒரு சாக்கு. பிள்ளை களிமண்ணைத் தொடத் தயங்குகிறதா, தாள் கிழிந்தால் என்ன செய்கிறது, நீலக் கிரேயானைக் கேட்டு வாங்குகிறதா என்பதில்தான் தெரபிஸ்டின் கண் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல முடியாத பதற்றம் இருக்கிறதென்றால் இதைத்தான் தேட வேண்டும். ஆனால் ஆளைப் பார்த்துத் தேடுங்கள். பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே சட்டப்படி பதிவு வேண்டும். இங்கே சிறப்பாசிரியர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பட்டியலில் ஆர்ட் தெரபிஸ்ட் கிடையாது. சின்னதாக ஒரு கோர்ஸ் முடித்தவரும் போர்டு மாட்டிவிடலாம். எங்கே படித்தார், யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மியூசிக் தெரபிக்கு ஆய்வுகள் அதிகம், முடிவுகள்தான் கலவை. 9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஐந்து மாத சிகிச்சைக்குப் பிறகும் ஆட்டிச அறிகுறிகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவர்கள் 4 முதல் 7 வயதுக் குழந்தைகள் என்பதால் பதின்வயதுக்கு அதை அப்படியே பொருத்தவும் முடியாது. பாட்டு பிடித்த பிள்ளை என்றால் பாடட்டும், மருந்தாக நினைக்க வேண்டாம்.

வரையப் பிடிக்கும் பிள்ளைக்கு என் ஓட்டு சாதாரண டிராயிங் கிளாஸுக்கே. லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷர் ஆட்டிசம் உள்ளவர். ஹெலிகாப்டரில் ஒருமுறை சுற்றிப் பார்த்த டோக்கியோவை, 2005-இல் பத்து மீட்டர் நீளத்துக்கு நினைவிலிருந்தே வரைந்தார். அந்தத் திறமை அபூர்வம், எல்லாப் பிள்ளையிடமும் எதிர்பார்க்கக் கூடாது. நான் கவனித்தது வேறு. அவரைப் பேச வைக்க, பள்ளியில் வரைபொருட்களை எடுத்து வைத்துக்கொண்டார்களாம். முதலில் சொன்ன வார்த்தை ‘பேப்பர்’. பலன் கிடைத்தது என்னவோ உண்மை. ஆனாலும் பிள்ளைக்கு உயிரான ஒன்றைப் பறித்துப் பேரம் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாஸ்டரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். மாதம் முழுக்க ஒரே பஸ்ஸை வரைந்தாலும் வரையட்டும். கோட்டை அழித்துத் திருத்த வேண்டாம். ஆயில் பேஸ்டல் விரலில் ஒட்டுவது பிடிக்காவிட்டால் ஸ்கெட்ச் பேனா. சத்தம் தாங்காவிட்டால் கூட்டமில்லாத பேட்ச். இதற்கெல்லாம் சரி என்று சொல்லாத மாஸ்டர் எவ்வளவு பிரமாதமாக வரைந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.