தீயணைப்பு நிலையத் திட்ட அறிக்கை: படம் அழகு, கணக்கு அரைகுறை

புதிய தீயணைப்பு நிலையம் எங்கள் பகுதிக்குத் தேவையா, தேவையென்றால் எங்கே, எந்தப் பணத்தில் என்று ஆராய்ந்து சொல்ல ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். குடியிருப்போர் சார்பில் குழுவில் இருந்ததால் அறிக்கையின் முதல் வடிவத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். தணிக்கை வேலையிலேயே முடி நரைத்தவன் நான். எந்த அறிக்கையையும் பின்னிணைப்பிலிருந்து புரட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. இதுபோன்ற சேவைக்குப் பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.

தரவு வேலையில் குறை சொல்ல இடமில்லை. பழைய அழைப்புப் பதிவேடுகளை எடுத்து, அழைப்பை ஏற்கும் நேரம், வண்டி கிளம்பும் நேரம், சாலையில் போகும் நேரம் என்று தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். தீ விபத்து அழைப்புக்கு 80 விநாடிகளுக்குள் வண்டி கிளம்ப வேண்டும், கிளம்பிய முதல் வண்டி அடுத்த 240 விநாடிகளுக்குள் போய்ச்சேர வேண்டும், பத்தில் ஒன்பது அழைப்புகளுக்காவது இது நடக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 1710 தரநிலை. அந்தப் பத்துக்கு ஒன்பதைத்தான் அளவுகோலாக எடுத்தார்கள், சராசரியை எடுக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. நிலையத்துக்குப் பக்கத்து வீடுகள் சராசரியைக் கீழே இழுத்துவிடும். கடைக்கோடி வீடு எரிந்து முடிந்தாலும் சராசரி நன்றாகவே தெரியும்.

"இத்தனை காலம் சமாளித்தோமே, இப்போது என்ன புதிதாக?" என்று குழுவில் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் பதில் அறிக்கையிலேயே இருந்தது. பாதுகாப்புச் சோதனைகள் செய்யும் அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் நடத்திய தீச்சோதனைகளில், பழைய பாணி மரச்சாமான்கள் இருந்த அறை முழுவதும் தீப்பற்ற அரை மணி நேரம் ஆனது. செயற்கை நுரை மெத்தைகளும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் படித்துக் காட்டிய பிறகு அவர் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

வரைபடத்தில்தான் முதல் சறுக்கல். தேர்ந்தெடுத்த மனையை மையமாக வைத்து, கவராயத்தால் இழுத்ததுபோல் ஒரு வட்டம். உள்ளே இருக்கும் வீடுகளெல்லாம் நான்கு நிமிடத்துக்குள் என்று பச்சை வண்ணம். எங்களோடு இருந்த நிலைய அதிகாரி வட்டத்தின் குறுக்கே ஓடிய ரயில் பாதையில் விரலை வைத்து, "கேட் மூடியிருந்தால் என் வண்டி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. பிறகு சாலைகளையும் ஒருவழிப் பாதைகளையும் கணக்கில் எடுத்துத் திருத்திய வரைபடம் வந்தது. வட்டம் காணாமல் போய், நண்டு கால் பரப்பியதுபோல் ஓர் உருவம் இருந்தது. பச்சையாக இருந்த இரண்டு தெருக்கள் சிவப்பாகிவிட்டன. பாதைக்கு மறுபுறத்து மனை மேலானது என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு வாக்குறுதியையும் வெட்டச் சொன்னேன். ஒரு நிலையம் இரண்டானால் போகும் நேரம் பாதியாகும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நியூயார்க் நகருக்காக ராண்ட் நிறுவனத்தில் ஆய்வு செய்த கோலெசார், ப்ளம் இருவரும் 1973இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்: வண்டி ஓட வேண்டிய சராசரித் தூரம் நிலையங்களின் எண்ணிக்கையினுடைய வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒன்றை இரண்டாக்கினால் சுமார் 30 சதவீதம் குறையும். அதுவே நல்ல லாபம்தான். அதை ஏன் ஊதிக் காட்ட வேண்டும்?

கட்டட வரைபடம் திருப்தி. வண்டி பின்வாசல் வழியாக உள்ளே வந்து முன்வாசல் வழியாக வெளியேறும் கூடம், டீசல் புகையை வண்டியின் குழாயிலேயே பிடித்து வெளியேற்றும் அமைப்பு, கரி படிந்த உடைகளுக்கு உறங்கும் பகுதியிலிருந்து விலகிய தனி அறை, எல்லாம் உண்டு. தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்திவிட்டது. ஆகவே இவற்றை ஆடம்பரமென்று யாரும் வெட்டக் கூடாது. வெட்ட வேண்டியது மாடியைத்தான். மாடியிலிருந்து சட்டென்று இறங்க உதவும் சறுக்குக் கம்பம் 1878இல் சிகாகோவில் பிறந்த நல்ல யோசனை, சந்தேகமில்லை. ஆனால் மனையில் இடம் தாராளமாக இருக்கும்போது படுக்கையறையை மாடியில் வைத்துவிட்டு, இறங்கும் நேரத்தையும் அந்த 80 விநாடிக்குள் அடக்கச் சொல்வது வீண்.

இனி என் துறைக்கு வருகிறேன். நிதிப் பகுதியில் கட்டடச் செலவுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம்: நீண்டகாலக் கடன் பத்திரம், புதிய கட்டுமானங்களிடம் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம், நில மாற்று. ஆண்டுதோறும் ஆகும் செலவுக்குப் பின்னிணைப்பில் ஒரே ஒரு அட்டவணை. அதில் "பணியாளர்: 4" என்று ஒரு வரி.

வண்டியில் நான்கு இருக்கைகள், அதனால் நான்கு பேராம்! ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வாரம் 42 மணி நேரப் பணி என்று வைத்தால் ஒரு இருக்கையை நிரப்பவே நான்கு பேர் வேண்டும். நான்கு இருக்கைக்கு 16 பேர். விடுப்பு, பயிற்சி, உடல்நலக் குறைவு எல்லாம் சேர்த்தால் 20ஐ நெருங்கும். கடன் ஒருநாள் அடைந்துவிடும், சம்பளம் அடையாது. மேம்பாட்டுக் கட்டணத்தைச் சம்பளத்துக்குத் திருப்பவும் பெரும்பாலும் விதிகள் இடம் கொடுப்பதில்லை. ஆள் நியமனத்துக்கான மானியத்தையோ நிரந்தர வருமானம்போல் கடைசி ஆண்டு வரை நீட்டிப் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மானியங்கள் சில ஆண்டுகளில் நின்றுவிடும்; நின்ற மறுமாதமும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

வண்டியின் விலையையும் கட்டடத்தோடு சேர்த்து 30 ஆண்டுக் கடனில் தள்ளியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி 15 ஆண்டுகள் முன்வரிசையில் ஓடும், அதன்பின் கையிருப்பு வண்டியாக இன்னும் சில ஆண்டுகள் நிற்கும். 25 ஆண்டில் விடைகொடுத்துவிட வேண்டும். இல்லாத வண்டிக்கு ஐந்து ஆண்டுகள் தவணை கட்டுவதை எந்தத் தணிக்கையாளரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

பழகுவதில் மரியாதையான மனிதர்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பதில்லை. ஆனால் கணக்கின் மூலக் கோப்பைக் கேட்டால் பிடிஎஃப் அனுப்புகிறார்கள்; சூத்திரங்களோடு கூடிய கோப்பைப் பெறத் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருந்தது. மூலக் கோப்பு தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையை, பத்தாண்டு நடப்புச் செலவுக் கணக்கு கைக்கு வந்த பிறகே கொடுப்போம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் கடைசித் தவணை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. வரைபடமும் ஆள் கணக்கும் திருந்தி வந்துவிட்டன. வண்டிக் கடன் மட்டும் அதே 30 ஆண்டில் நிற்கிறது. அது திருந்தினால் நான்கு நட்சத்திரமாக மாற்றிவிடுகிறேன்.