வீட்டிலேயே இன்ஜின் மாற்றப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

என் ஆறு மாதச் சம்பளம் போய்விட்டது. இன்று காலைதான் அது முழுதாக உறைத்தது. கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது ஃபோர் வீல் டிரைவ் டீசல் பிக்கப். பேரிங் போய் கிராங்க் வரை உரசிவிட்டதால், ஓடின நல்ல இன்ஜின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே மாற்ற முடிவு செய்தேன். அந்த முடிவு தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. வாங்கிய இடம்தான் தப்பு. பிரித்த வண்டிகளின் இன்ஜின்களை ஆன்லைனில் விளம்பரம் போட்டு விற்கும் கடை அது. பெயர் வேண்டாம்.

இன்ஜின் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். அதற்கு நான் மயங்கவில்லை. போன் பேச்சில்தான் விழுந்தேன். "யார் சார் மாட்டப் போறாங்க?" என்று கேட்டார் கடை ஆள். நானே, வீட்டில்தான் என்றேன். "ரொம்ப நல்லது சார், சொந்த வண்டின்னா ஒவ்வொரு போல்ட்டா பார்த்து மாட்டுவீங்க. மூணு மாசம் வாரண்டி. ஏதாவதுன்னா ஒரு போன் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். என் வேலையை மதித்துப் பேசுகிறாரே என்று மனசு குளிர்ந்துவிட்டது. அன்று மாலையே முழுப் பணத்தையும் அனுப்பினேன். ஆறு மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

வந்த இன்ஜின் பளபளவென்று வெள்ளிப் பெயின்ட்டில் இருந்தது. ஆனால் சம்ப், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி, வேறு. என் வண்டியில் முன் டிஃபரன்ஷியல் (முன் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி) இன்ஜினுக்கு அடியில் வரும். அதற்கு இடம்விட்டு சம்ப் குழிந்திருக்க வேண்டும். அனுப்பியது டூ வீல் டிரைவ் இன்ஜின். கேட்டதற்கு, "பழைய சம்ப்பையும் ஆயில் உறிஞ்சு குழாயையும் மாத்திப் போட்டுக்கோங்க சார், சின்ன வேலை" என்றார். மாற்றினேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்புறம் நான்கு வாரங்களின் விடுமுறை நாட்கள் இதற்கே போயின. பானெட், ரேடியேட்டர், முன் பிரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் இறக்கி, கேஸ் லைனைத் திறக்காமல் ஏசி கம்ப்ரஸரை ஓரமாகக் கட்டிவைத்தேன். கியர்பாக்ஸ் தலையில் இருக்கும் போல்ட்டுகளுக்கு மூன்று எக்ஸ்டென்ஷன் ராடுகளைக் கோத்தால்தான் கை எட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸோடு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) சேர்ந்த கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி, கிளட்ச் தட்டின் நடுவில் ஷாஃப்ட்டை நுழைக்க மட்டும் ஒரு முழுநாள். தம்பியும் நானும் முதுகு ஒடிந்துபோனோம்.

ஸ்டார்ட் ஆனது. பத்தே நிமிடம். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தது, கூலன்ட் டப்பாவில் குமிழிகள். ஹீட்டர் பிளக் துளை வழியாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்த்தேன். மூன்று சிலிண்டர்களில் 27, 28 பார். ஒன்றில் மட்டும் 16. இன்ஜின் பிளாக்கின் பக்கத்தில் பெயின்ட்டைச் சுரண்டியபோதுதான் வெப்ப வில்லை தெரிந்தது. இன்ஜின் அதிகமாகச் சூடானால் நடுவில் உள்ள உலோகம் உருகிவிடும்படி ஒட்டும் சின்ன வில்லை அது. நடுப்பகுதி காலி. அந்தக் குழிக்குள்ளும் அதே வெள்ளிப் பெயின்ட். என் கைக்கு வரும் முன்பே எரிந்த இன்ஜின்!

போன் போட்டேன். முதல் நாள் "பார்க்கறேன் சார்". அடுத்து "முதலாளி வெளியூர்". அடுத்த வாரம், "கூலன்ட்ல காத்து எடுக்காம ஓட்டி நீங்களே சூடாக்கிட்டீங்க". குழிக்குள் இருக்கும் பெயின்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: "பட்டறை பில் இல்லாம வீட்டுல மாட்டினா வாரண்டி கிடையாது." வீட்டில் மாட்டுவது ரொம்ப நல்லது என்று சொன்ன அதே ஆள்! ஆறு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சொன்ன சொல் அது.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இன்ஜின் தரையில் இருக்கும்போதே கம்ப்ரஷன் பாருங்கள், மாட்டிய பிறகு அல்ல. புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். இன்ஜின் எண்ணையும் சம்ப் வடிவத்தையும் படம் கேட்டு உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். வீட்டில் மாட்டினாலும் வாரண்டி உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னதை நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் ஒரேயடியாக அனுப்பாதீர்கள்.

இன்று காலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தம்பியின் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.